எங்கள் வீட்டு டிவி பாடிய சனிக்கிழமைகள்

என் குரலை வெட்டி எடுப்பதற்காகத்தான் நான் போனில் சத்தம் திருத்தக் கற்றுக்கொண்டேன். வேறு ஆசை எதுவும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழில் பேப்பர் படிப்பேன், மருந்துச் சீட்டு படிக்க மாட்டேன். நாலு பேர் கூடின இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டால், அப்படிப்பட்டவள் என்பதால்தான்.

எங்கள் வீட்டுக்காரர் செஞ்சி கடைத்தெருவில் கயிறு, துடைப்பம், முறம், கூடை விற்றவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். இவர் வீட்டில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பெருமாள் பாட்டு பாடுகிறார். கடைத்தெருவில் இவரைப் போல ஒன்பது பேர். ஒரு காலத்தில் மார்கழி மாதம் பூரா விடியற்காலையில் தெருத்தெருவாகப் பஜனை போனவர்கள். முட்டி வலி வந்து ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். கடைசி வருடம் மூன்று பேர் போனார்கள். அதில் ஒருவர் ஆட்டோவில் போனார்.

அதற்குப் பிறகு பாத்திரக்கடைக்காரர் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். அவர்தான் இவர்களுக்குத் தலைவர் மாதிரி. சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள். அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு பாட்டு பாடி, வீடியோ எடுத்து, குரூப்பில் போட வேண்டும். போட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும். அதுவரைக்கும் விரதம். எண்ணெய்க்கடைக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர், வெள்ளிக்கிழமையே பாடி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை குளிச்ச குளியலு சனிக்கிழமைக்கு ஆவுமா?" என்று தலைவர் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் வீட்டில் வீடியோ எடுக்கிற வேலை எனக்கு வந்தது. இவர் குளித்து, நாமம் போட்டு, பாயில் உட்காருவார். எல்லா வாரமும் இவருக்கு ஒரே பாட்டுதான். நான் எதிரில் நின்று போனைப் பிடித்துக்கொள்வேன். எனக்குக் கண்ணாடி போட்டாலும் கிட்டத்தில் வைத்தால்தான் அவர் தலை படத்துக்குள் இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்று தெரியும். அதனால் போன் என் மோவாய்க்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு வாரம் அப்படிப் போட்டோம். எல்லாரும் கும்பிடுகிற கைப் படம் போட்டார்கள்.

மூன்றாவது வாரம் எண்ணெய்க்கடைக்காரர் தன் குரலிலேயே பேசி அனுப்பினார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் போனைச் சத்தமாக வைத்தார்.

"கயித்துக்காரரே, பாட்டு நல்லாருந்துது. கூடவே ஒரு லேடீஸ் கொரலு கேக்குதே, யாரு அது? கணீர்னு இருக்குது."

இரண்டு பேரும் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நான் இருந்தேன். முணுமுணுப்பு என்றால்கூடப் பரவாயில்லை. அவரைவிட நான்தான் பலமாக இருந்தேன். அவர் எங்கேயோ பக்கத்துத் தெருவில் பாடுவது போலவும், நான் கேட்கிறவர் காதுக்குள் உட்கார்ந்து பாடுவது போலவும் இருந்தது. போனுக்குக் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது காலையில் எல்லாரும் வரிசையில் நின்று பிரார்த்தனைப் பாட்டு பாடுவோம். ஒருநாள் டீச்சர் வரிசையில் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "உன் சத்தம் தனியா கேக்குது. நீ வாயை மட்டும் அசை" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றிலிருந்து வாயை மட்டும் அசைத்தேன். கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். கோவிலில் வாயை மட்டும் அசைத்தேன். என் பிள்ளையைத் தாலாட்டும்போதும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அந்த டீச்சர் சொன்னதை நான் மீறினதில்லை என்றுதான் அறுபது வருடமாக நினைத்திருந்தேன். கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகப் பாடும் என்பது எனக்குத் தெரியாது. போன் பிடிப்பதும் ஒரு வேலைதான்.

"நான்னு சொல்லிடாதீங்க" என்றேன்.

"வேற யாருன்னு சொல்றது?"

"யாராவது சொல்லுங்க."

இவர் யோசித்து, குரூப்பில் "டிவி" என்று எழுதினார். டிவி ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எண்ணெய்க்கடைக்காரர் நம்பினார். மற்ற எட்டுப் பேரும் நம்பினார்கள். அனந்தபுரத்திலிருக்கிற என் நாத்தனார் நம்பவில்லை. இவர் தன் தங்கைக்கும் அந்த வீடியோவை அனுப்பி, அவளிடமும் டிவி என்றே சொல்லியிருந்தார்.

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, டிவின்னா நம்பறதுக்கு நான் இன்னா பாத்திரக்கடைக்காரரா? உங்க கொரலு எனக்குத் தெரியாதா? கல்யாணமாயி வந்த புதுசுல கெணத்தடியில துணி தொவைக்கறப்ப நீங்க பாடுவீங்க. நாங்க செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேப்போம்."

"நான் பாடினதா நெனப்பு இல்ல."

"உங்களுக்கு நெனப்பு இல்லன்னா கேட்டவங்களுக்குமா இல்ல? ரெண்டு மாசத்துல என் பொண்ணுக்கு வளைகாப்பு. நீங்கதான் வளையல் பாட்டு பாடணும். நான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"சொல்லாத. வயித்தக் கலக்குது."

"புள்ளத்தாச்சிக்கே கலக்கல, உங்களுக்கு இன்னா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் பூரா இதே நினைப்புதான். அனந்தபுரத்துக் கூடத்தில் முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் என்னைப் பாடச் சொல்வது போலவே இருந்தது. அடுத்த சனிக்கிழமை வீடியோவில் நான் இல்லாவிட்டால், டிவிதான் என்று அவளும் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். போட்டுப் பார்த்தால் இரண்டாவது வரியிலிருந்து நான் இருக்கிறேன்.

மருமகள் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கோலம் போட்டு வீடியோவாகப் போடுகிற பழக்கமும் உண்டு. அன்றைக்குக் காலையில் கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில், நின்ற வாக்கிலேயே எனக்குப் பாடம் சொன்னாள்.

"அத்தை, மேல இருக்கறது படம். கீழ இருக்கறது சத்தம். இது கத்திரி. இது ஸ்பீக்கர். இங்கிலீஷ் படிக்க வேணாம், படத்தப் பாத்தா போதும்."

"இது இன்னா, கோடு கோடா?"

"அது வேவ். சத்தம் ஜாஸ்தியானா ஒசரும், கம்மியானா எறங்கும்."

எங்கள் வீட்டு மாடிக்கு ஏறினால் கோட்டை மலைகள் தெரியும். பாறையைக் கொட்டி வைத்தது போல ஒரே மேடும் பள்ளமுமாக இருக்கும். போனில் சத்தம் அப்படித்தான் இருந்தது. மருமகள் வேவ் என்றாள், நான் மலை என்றேன். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நடுப்பகல் வரைக்கும் மலை படிக்கக் கற்றுக்கொண்டேன். குக்கர் விசில் நட்டு வைத்த கம்பம் மாதிரி இருக்கும். திண்டிவனம் பஸ் ஆரன் மதில் சுவர். காக்கை கத்தினால் வரிசையாகக் கூழாங்கல். காற்றாடி ஓடினால் அடியில் ஒரு தரை மாதிரி இருந்துகொண்டே இருக்கும், அதை எதுவும் செய்ய முடியாது. அதனால் கரண்ட் போன நேரத்தில் எடுப்பதுதான் நல்லது என்று கண்டுபிடித்தேன். கரண்ட் போனால் ஊரே அலுத்துக்கொள்ளும், நான் மட்டும் போனைத் துடைப்பேன்.

இவருடைய குரல் வயல்வெளி மாதிரி தாழ்வாக இருந்தது. மலை எல்லாம் நான்.

முதலில் மலைகளை அமுக்கிப் பார்த்தேன். நான் வருகிற இடத்திலெல்லாம் ஸ்பீக்கரைத் தொட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். என்னோடு சேர்ந்து அவரும் போய்விட்டார். இரண்டு குரலும் ஒரே கோட்டில் இருக்கிறது. மாவில் கரைத்த உப்பை மட்டும் எப்படி எடுப்பது. அது புரியாமல், மூன்று மணி நேரம் உட்கார்ந்து அமுக்கினேன். இவர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சா?"

"ஆவுது."

"சாம்பார் வாசன வருது."

"வரட்டும்."

மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டோம். பாட்டு கொஞ்ச நேரம் கேட்கும், கொஞ்ச நேரம் இவர் வாயை மட்டும் அசைப்பார். குரூப்பில் விதைக்கடைக்காரர், "கயித்துக்காரர் வூட்ல சிக்னல் இல்லபோல" என்றார். தலைவர் மட்டும், மூன்று மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்ததற்காக இவரைப் பாராட்டினார்.

அடுத்த வாரம் மருமகள் வேறு வழி சொன்னாள். படத்தை ஒரு போனில் எடுப்பது, சத்தத்தை இன்னொரு போனில் அவர் பக்கத்தில் வைத்துப் பிடிப்பது. பிறகு முதல் போனின் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு, இரண்டாவது போனின் சத்தத்தைப் படத்துக்கு அடியில் வைப்பது. நல்ல யோசனை. என் போனை ஆர்மோனியத்தின் மேல் வைத்தேன். பாட்டைவிட ஆர்மோனியம் மூச்சு விடுகிற சத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு காலண்டர் ஆணியில் மாட்டினேன். அது சரியாக இருந்தது.

ஆனால் படத்தையும் சத்தத்தையும் எந்த இடத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கண் மதிப்பில் சேர்த்தேன். போட்ட பிறகு பார்த்தால், அவர் வாயை மூடின பிறகு பாட்டு வருகிறது.

"வாய மூடிக்கினே பாடறீங்களே, இது எந்த ஊரு வித்த?" என்று விதைக்கடைக்காரர் கேட்டார்.

"எல்லாம் பெருமாள் செயல்" என்று இவர் எழுதினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மருமகளிடம் கேட்டேன். ஆரம்பத்தில் ஒரு தடவை கை தட்டச் சொல்லுங்கள், இரண்டு கோட்டிலும் ஒரு மலை நிற்கும், அதையும் இதையும் நேராக வைத்தால் எல்லாம் நேராகிவிடும் என்றாள். இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"பாடறதுக்கு முன்னாடியே நமக்கு நாமே கை தட்டிக்கறதா? நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பான்?"

அதனால் நான் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். பசியில் இருக்கிற மனிதர், தட்டுச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு வாரமும் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையைக் கத்திரியால் வெட்டிவிட்டுத்தான் போடுவேன். வாயும் பாட்டும் அதற்குப் பிறகு ஒன்றாக வந்தன.

அப்படியும் நான் போகவில்லை. துணிப்பைக்குள் இருந்த போனிலும் தூரத்தில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். முன்பு அவர் பக்கத்துத் தெருவில் இருந்தார், இப்போது நான் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். நாத்தனாரிடமிருந்து ஒரே வரி வந்தது: "டிவிய அந்த ரூமுக்கு மாத்திட்டீங்களா அண்ணி?"

வளைகாப்புக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டேன். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் கன்னத்தை உப்பிக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஆர்மோனியத்தைத் திறந்தார்.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவது சரணத்தில் மேலே ஏறி இறங்குகிற ஓர் இடம் உண்டு. ஏறினார். இறங்கும்போது எங்கேயோ இறங்கிவிட்டார். விரல் ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம். ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொட்டி சரியில்ல" என்றார்.

நான் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்தேன். மறுபடி வாயில் தண்ணீர். மறுபடி அதே இடம். மூன்று தடவை எடுத்தோம், மூன்று தடவையும் அங்கேயே தவறினார். பஜனையில் இவருக்கு ஒரு பெயர் உண்டு. யார் விலகினாலும் கயிற்றுக்காரர் சுருதியை விடமாட்டார் என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். கடைசியில் ஒரு சரணத்தோடு நிறுத்தி, அதையே போட்டோம். "உடம்பு சரியில்லையா?" என்று தலைவர் கேட்டார். இவர் போனை அணைத்து வைத்தார். சாப்பாட்டிலும் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை.

திங்கட்கிழமை பழைய வீடியோக்களை எடுத்து வைத்துக்கொண்டேன். வீடியோ எடுத்த போனின் கோட்டையும் துணிப்பைப் போனின் கோட்டையும் மேலும் கீழுமாக வைத்தேன். மேலே நான், கீழே அவர். காதில் மாட்டிக்கொண்டு அந்த இரண்டாவது சரணத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இறங்குகிற இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் மலை இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் அவருடையது இறங்குகிறது. நான்கு வாரத்திலும் அப்படியே. அவர் என் பின்னால் வந்திருக்கிறார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தேன்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது. என் குரல் இருந்தால் எனக்கு வளைகாப்புக் கூடம். இல்லாவிட்டால் அவருக்குச் சுருதி இல்லை. செவ்வாய்க்கிழமை பாத்திரம் தேய்க்கும்போது ஒரு வழி தோன்றியது. என் குரல் அவர் காதுக்குக் கேட்டால் போதும். குரூப்புக்குக் கேட்க வேண்டியதில்லை. நான் முன்னாலேயே தனியாகப் பாடி வைத்துவிட்டால், அதை அவர் ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடி பாடலாம். துணிப்பைப் போனில் அவர் குரல் மட்டும் விழும். நான் வாயில் தண்ணீரோடு நிற்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. கடைக்குப் போகிற கயிற்றுக் கட்டு, துடைப்பக் கட்டு எல்லாம் அங்கேதான் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அங்கே பேசினால் பேச்சு வாயை விட்டு வெளியே போகாதது போல இருக்கும், அவ்வளவு அமைதி. புதன்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போனை ஓட விட்டேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கயிறுதான் எதிரில் இருக்கிறது. கயிற்றுக்கு முன்னால் கூச்சப்பட என்ன இருக்கிறது. ஆனாலும் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. போனில் பார்த்தால் மலை இல்லை, மடு இல்லை, நேர்க்கோடு.

வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை அரிசியில் கல் பொறுக்க வேண்டியிருந்தது. முறத்தையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தேன். போனை ஒரு கயிற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, அதை மறந்துவிட்டுப் புடைத்தேன். பாதி அரிசி முடியும்போது பாட்டு முடிந்திருந்தது. நான் எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. போன் பிடித்து வைத்திருந்தது. பல்லவியிலிருந்து கடைசி வரைக்கும், கூடவே முறத்தில் அரிசி விழுகிற சத்தமும்.

சனிக்கிழமை மருமகளின் பழைய போனில் அதை ஏற்றி, இவர் சட்டைப் பையில் வைத்து, ஒயரைத் துண்டுக்குள் விட்டு, காதில் மாட்டினேன்.

"இது இன்னா?"

"சுருதி. காதுல கேட்டுக்கினே பாடுங்க."

தட்டில் ஒரு தட்டு. நிமிர்ந்து பார்த்தார். பாட ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்தில் ஏறினார், இறங்கினார், சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுருதி அரிசி பொடைக்குதே" என்றார்.

என் வாயில் தண்ணீர் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் செடிக்குத் தண்ணீர் விட்டேன்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கே போட்டுவிட்டோம். சுத்தமான சத்தம். அவர் குரல் மட்டும். காக்கைகூட இல்லை. பிறகு எண்ணெய்க்கடைக்காரர் குரல் வந்தது.

"கயித்துக்காரரே, டிவி ரிப்பேரா?"

"ஏன்?" என்று இவர் கேட்டார்.

"இல்ல, பாட்டு மொட்டையா இருக்குது."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்று விதைக்கடைக்காரர் சொன்னார். "டிவி இருந்தா நல்லாருக்கும்."

தலைவரும் வந்தார். "டிவி ஓட்டிக்கினு பாடறது விரதத்துல சேருமா சேராதான்னு நானும் யோசிச்சேன். நல்ல பாட்டா ஓடினா தப்பில்ல" என்று தீர்ப்பு சொன்னார்.

இவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, என் எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது சரணத்துல எறங்கறப்ப நீ கொஞ்சம் அவசரப்படற" என்றார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"கடையில நீ தொடப்பம் கட்டறப்ப பாடுவ. வாங்க வந்தவன் வாங்கிட்டு நிப்பான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்தவன்கூட நிப்பான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

அது உண்மைதான். அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் படத்துக்கு அடியில் இரண்டு கோடு வைத்தேன். ஒன்று அவர், இன்னொன்று முறத்தோடு நான். என்னைக் காதில் கேட்டபடி அவர் பாடியிருப்பதால் இரண்டும் இழுக்காமல் சேர்ந்துகொண்டன. ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் ஒன்றிலிருந்து நூறு வரை எண் வரும். அவரை நூறில் வைத்தேன். என்னை ஆறில் வைத்தேன்.

"எத்தனையில வெச்ச?"

"ஆறு."

"இருபதுல வெய்யி."

"ஏழு."

"சாப்பாட்டுக்கு நேரமாவுது. ஏழே இருக்கட்டும்."

"டிவி வந்துடுச்சு" என்று எண்ணெய்க்கடைக்காரர் சொன்னார். அந்த உஸ் உஸ் என்று தாளம் மாதிரி வருவது என்ன வாத்தியம் என்று விதைக்கடைக்காரர் கேட்டார். இவர், அதுவும் டிவிதான் என்றார்.

வளைகாப்பு அடுத்த வாரம் வந்தது. நாத்தனார் இரண்டு நாள் முன்னாலேயே போன் செய்தாள். "அண்ணி, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வராம இருந்துடாதீங்க."

"வர்றேன். பாட்டும் எடுத்தாறேன்."

"எடுத்தாறீங்களா? பாட்டு இன்னா பலகாரமா?"

அன்றைக்கே கயிற்று அறைக்குப் போனேன். இந்தத் தடவை பொறுக்க அரிசி இல்லை, உளுந்து எடுத்துக்கொண்டேன். வளையல் பாட்டு முழுக்கப் பாடி முடித்தேன். உளுந்துச் சத்தம் அரிசியைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. வெட்டலாமா என்று பார்த்தேன். அது பாட்டோடு ஒரே கோட்டில் இருந்தது. விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் நான் தொண்டையைச் செருமினதை மட்டும் கத்திரியால் எடுத்தேன்.

அனந்தபுரத்தில் கூடம் நிறையப் பெண்கள். நான் நினைத்ததைவிட அதிகம். நாத்தனார் மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். சந்தனம் பூசி, வளையல் போட ஆரம்பிக்கும்போது நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் போனைக் கொடுத்தேன். அவள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டுச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சேர்த்துவிட்டாள்.

நூறில் வைத்திருந்தேன். கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். "யாரு பாடறது?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "செஞ்சி டிவி" என்று நாத்தனார் சொன்னாள். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டாள்.

நான் பின்வரிசையில் தூண் பக்கத்தில் நின்றேன். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். சும்மா நின்றால் நன்றாக இருக்காது. நானும் வாயை மட்டும் அசைத்தேன். இரண்டாவது அடியில், உளுந்து விழுகிற இடத்தில், முறம் புடைப்பது போல என் கை தானாக ஆடியது. நாத்தனார் வளையல் போடுகிறதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.